வயிற்றுவலி மருந்தும் பிராந்தி பர்மிட்டும்

சென்ற மாதம் ஓசூரில் ஒரு கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து நடத்துகிற கூட்டம். வடையும் காப்பியும் உண்டு. வடைக்காகத்தான் போனேன், பொய் சொல்வானேன். பேச வந்தவர் ஏதோ கல்லூரியில் வாத்தியாராக இருந்தவராம். ஒருவனிடம் ஏராளமாக இருந்து இன்னொருவனிடம் ஒன்றுமே இல்லாமல் போனால், இல்லாதவன் குற்றம் செய்யத் தொடங்குகிறான் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். எனக்கு வடை தொண்டையில் இறங்கவில்லை. தொடங்குகிறானாம்! நான் பார்த்தவரையில் இல்லாதவன் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை. சும்மா ரோட்டில் நடந்து போனால் போதும், குற்றம் தானாக வந்து தோளில் ஏறிக்கொள்ளும். இருக்கிறவன் அதையே நடுவீட்டில் சாய்வு நாற்காலி போட்டுச் செய்தால் அதற்கு வைத்தியம் என்று பெயர். இதை எழுந்து சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்கு நெடுநாள் பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் காம்பவுண்டர். கெலமங்கலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு டாக்டர், நான், பெருக்கித் துடைக்க ஓர் அம்மாள், அவ்வளவுதான். எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை தற்காலிகம். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் என்னைப் பற்றி நாலு வரி எழுதி மேலே அனுப்புவார். அந்த நாலு வரி நன்றாக இருந்தால் அடுத்த வருஷமும் சோறு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போது நம் பக்கம் முழு மதுவிலக்கு. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் காலை வைத்தால் மைசூர் ராஜ்ஜியம், அங்கே கடை திறந்திருக்கும். நடுவில் ஒரு செக்போஸ்ட்டு, குறுக்கே ஒரு மூங்கில் கழி. கழிக்கு அந்தப் பக்கம் குடித்தால் வியாபாரம். இந்தப் பக்கம் குடித்தால் ஜெயில். அங்கே குடித்துவிட்டு இங்கே நடந்து வந்தாலும் ஜெயில்தான். அதற்காகவே மதுவிலக்குப் போலீஸ்காரர்கள் புளியமரத்தடிகளில் நின்று, நடந்து வருகிறவனை நிறுத்தி "ஊதுடா" என்பார்கள். வாசனை வந்தால் நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவார்கள். டாக்டர் மோந்து பார்த்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, தரையில் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லி, குடித்திருக்கிறான் என்று சர்டிபிகேட் எழுத வேண்டும். காரில் போகிறவரை யாரும் ஊதச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. காரைக் கண்டால் கழி தானாக மேலே ஏறும், போலீஸ்காரர் கையும் கூடவே நெற்றிக்கு ஏறும்.

சர்டிபிகேட் பாரங்கள் எல்லாம் ஒரே மேஜை இழுப்பறையில் இருந்தன. இரண்டு கட்டு. ஒரு கட்டு, குடித்தவனை ஜெயிலுக்கு அனுப்ப. இன்னொரு கட்டு, குடிக்க பர்மிட் வாங்க. ஆமாம், சீமைச் சரக்கு குடிக்க பர்மிட் உண்டு, கேட்கிறவர் கேட்டால் கிடைக்கும். உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தப் பாரத்தில் நோயைப் பற்றி எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். எத்தனை ஏக்கர், என்ன வருமானம், எவ்வளவு வரி கட்டுகிறார் என்று எழுத மூன்று வரி. நோய்க்கும் ஏக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு நாள் டாக்டரைக் கேட்டேன். "ஒழுங்கா எழுதுய்யா, கையெழுத்து நல்லா இருக்குதுன்னுதானே உன்கிட்ட குடுக்கறேன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் அந்த மூன்று வரியையும் நிரப்பி ஓரத்திலும் எழுத வேண்டிய அளவுக்கு உள்ளவர். புளியந்தோப்பு, ராகிக் காடு, ஊருக்கு வடக்கே உள்ள கல் குன்று எல்லாம் அவருடையது. வருஷா வருஷம் பர்மிட்டைப் புதுப்பிக்க வருவார். வந்தால் நோயாளிகள் எல்லாரும் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றுகொள்வார்கள். யாரும் போகச் சொல்வதில்லை, அவர்களாகவே போவார்கள். அந்த வருஷமும் வந்து உட்கார்ந்தார்.

"போன வாட்டி இதயம்னு போட்டீங்க டாக்டர். இந்த வாட்டி என்னா போடலாம்?"

"தூக்கமே வரலைன்னு போடட்டுங்களா?"

"எதுக்கு ஜாஸ்தி பாட்டில் குடுப்பான்?"

"ரெண்டையும் சேத்துப் போட்டுடறேன், விடுங்க."

நான் பாரத்தை எழுதி முடிப்பதற்குள் பண்ணைக்காரர் நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "தூக்கமின்மையால் கடும் அவதி" என்று நான் மணிமணியாக எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை. அவர் குறட்டை ஓயும் வரை எழுப்பாமல் பயபக்தியோடு காத்திருந்தார். கையெழுத்து அன்று போடவில்லை. மேலிடத்துக்குப் போகிற காகிதம், ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

இனி பாட்டில் விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு, பாட்டில் கிடையாது. நோயாளிதான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கூலிக்காரன் வீட்டில் பாட்டிலுக்கு எங்கே போவான்? பண்ணை வீட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் வாரத்துக்கு நாலைந்து காலிப் பாட்டில் விழும், பர்மிட்டில் குடித்து முடித்தவை. சாணி அள்ளப் போகிற பெண்கள் அவற்றைப் பொறுக்கி வந்து, மண்ணெண்ணெய்க்கு ஒன்று, விளக்கெண்ணெய்க்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். மேலே ஒட்டிய தாளைக்கூடக் கிழிக்க மாட்டார்கள். தங்க நிற எழுத்தும் படமுமாக அழகாக இருக்கிறதாம். ஆகவே காலை நேரத்தில் என் ஜன்னலுக்கு முன்னால் பார்த்தால் கிழவன், கிழவி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் ஆளுக்கொரு பிராந்தி பாட்டிலோடு வரிசையில் நிற்பார்கள். வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் சர்க்காரே கடை போட்டிருக்கிறது என்று நினைத்திருப்பான். நான் மருந்தை ஊற்றி, மூன்று வேளைக்கு அளவு தெரியும்படி ஒரு காகிதத்தைப் பல்லுப்பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பேன். அந்தக் காகிதம் இருந்தால் அது மருந்துப் பாட்டில். அது எல்லாப் போலீஸ்காரருக்கும் தெரியும்.

பண்ணைக்காரரின் குன்றில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறவர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுவார், என்னிடம் தமிழ், சந்தையில் கன்னடம். அந்தக் காலத்தில் ஊரே அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டது, நானும் நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் இவர் என்கிறேன். காகிதத்தில் மரியாதை கொடுப்பதற்கு ஒன்றும் செலவில்லை பாருங்கள். அவருக்கு நாலு வருஷமாக வயிற்றில் புண். காலையில் கூழ் குடிக்காமல் கல் உடைக்கப் போய், மத்தியானம் கண்டதைத் தின்று வந்த புண். சாராயம் பக்கம் போனதே இல்லை. அது ஒழுக்கத்தினால் அல்ல, குடித்தால் உயிர் போய்விடும் என்று அவருக்கே தெரியும்.

அவரும் அவர் மனைவியும் ஏரிக்குக் கீழே இருந்த மூன்று ஏக்கர் சர்க்கார் தரிசைக் கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட்டிருந்தார்கள். நிலமில்லாதவனுக்குத் தரிசைப் பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் உண்டு. இரண்டு வருஷமாகக் குன்றில் வேலை முடிந்த பிறகு இருவரும் போய்க் கல் பொறுக்குவார்கள். பகலெல்லாம் பண்ணைக்காரருக்குக் கல் உடைத்துவிட்டு, சாயங்காலம் தங்களுக்குக் கல் பொறுக்குவது! ஓர் ஆள் உயரத்துக்கு மூன்று குவியல் சேர்ந்திருந்தது. முள்ளை வெட்டி, வரப்புக்கூடக் கட்டிவிட்டார்கள். பாக்கி ஒன்றுதான். தாசில்தார் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். மனுப் போட்டவன் அன்றைக்கு நிலத்தில் நிற்க வேண்டும். நின்றால் பட்டா, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை தாசில்தார் வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கல் உடைக்கிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் பாட்டில். டாக்டர் இல்லை. பண்ணை வீட்டுக்குச் சீட்டாடப் போயிருந்தார். பண்ணைக்காரருக்கு நாடி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த நாடி பார்க்க நாலு மணி நேரம் ஆகும்.

"டாக்டர் வந்து சீட்டு எழுதாம மருந்து குடுக்கக் கூடாது. உக்காரு" என்றேன்.

"தேவுடா, உக்கார முடியல சாமி. வெள்ளிக்கெழம தாசில்தார் தொர வராரு. நெலத்துல நிக்கணும். இந்த வலியோட எப்பிடி சாமி நிக்கறது? எதுனா ஊத்திக் குடு சாமி."

ஊற்றிக் கொடுத்தேன். நான் பெரிய தர்மவான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வாசலில் விழுந்து உருண்டால் எனக்குத்தான் தொல்லை. வாயு வலிக்குக் கொடுக்கிற சிவப்பு மிக்சர் அது. ஏலக்காய் டிங்க்சரும் இஞ்சி டிங்க்சரும் ஸ்பிரிட்டும் சேர்ந்தது. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அளவுக் காகிதம் ஒட்டலாம் என்று பார்த்தால் பசை தீர்ந்து போயிருந்தது. கிளற வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். யார் செய்வது? "மூணு வேளை, சாப்பிட்டப்பறம் குடி" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எவனும் மருந்தை மூன்று வேளையாகக் குடித்ததில்லை. மொத்தமாக உள்ளே போனால்தான் வலி பயப்படும் என்று ஒரு நம்பிக்கை. அவரும் குன்றுக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் முக்கால் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார். அந்தப் பக்கமாக மதுவிலக்குப் போலீஸ்காரர் வந்தார். மாசக் கடைசி. கேஸ் ஒன்று குறைவாக இருந்ததாம், பிறகு அவரே என்னிடம் சொன்னார். கையில் தங்க எழுத்துப் பிராந்தி பாட்டில், உள்ளே சிவப்பாகத் திரவம், வாயில் குப்பென்று வாசனை, பாட்டிலில் அளவுக் காகிதம் இல்லை. அந்த மனுஷருக்கு வேறு என்ன வேண்டும்?

பதினொரு மணிக்குக் கல் உடைக்கிறவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாக்டரைப் பண்ணை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினோம். நல்ல ஆட்டத்தில் எழுப்பிவிட்டார்களே என்ற கோபத்தோடு வந்தார். வந்ததும் அறையெல்லாம் ஒரு வாசனை. அதில் பாதி கல் உடைக்கிறவருடையது, பாதி டாக்டருடையது. டாக்டரிடம் பர்மிட்டும் கிடையாது. போலீஸ்காரர் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே பல்லி ஏதாவது இருந்திருக்கலாம்.

"ஊது."

ஊதினார்.

"ம்ம்" என்றார் டாக்டர். பிராந்தி குடித்த மூக்கு, வயிற்றுவலி மருந்தை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லியது. தூ!

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டவன் நான். அவர் வலியில் குனிந்தபடியே நடந்தார். நேராக எப்படி நடப்பார்? "தள்ளாடுகிறான்" என்று டாக்டர் எழுதினார்.

"இது மருந்து தொர" என்றார் அவர். குரலில் பயமே இல்லை. ஏதோ சின்னத் தப்பு நடந்திருக்கிறது, இப்போது சரியாகிவிடும் என்பது போலத்தான் பேசினார். "காம்பவுண்டர் ஐயாவே ஊத்திக் குடுத்தாரு. காலைல. கேளுங்க தொர."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ குடுத்தியா? நான் இல்லாதப்போ, சீட்டு இல்லாம?"

அந்த மாதம்தான் என்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டிய மாதம்.

"இல்ல சார்" என்றேன்.

கல் உடைக்கிறவர் கத்தவில்லை, சாபம் விடவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் கொல்கிறது. என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஐயா மறந்துட்டாப்பல கீது. நாந்தானே சாமி, குனிஞ்சுக்கினு நின்னேனே... வெள்ளிக்கெழம நிக்கணும்னு சொன்னேனே" என்று எனக்கு ஞாபகப்படுத்த முயன்றார். நான் மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேடினேன். என்ன தேடினேன் என்று இன்று வரை தெரியாது.

டாக்டர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பட்டம் வாங்கிய டாக்டர் ஐயா அவர்! தினமும் இருபது பேருக்கு அவர் கையாலேயே எழுதுகிற மிக்சர். அவருக்கா தெரியாது? மூடியை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். அதே மையில், உட்கார்ந்த வாக்கிலேயே, இழுப்பறையிலிருந்து பண்ணைக்காரரின் பர்மிட் பாரத்தையும் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "இதை நாளைக்குப் பண்ணையில் கொண்டு போய்க் குடுத்துடு" என்றார். அன்றிலிருந்து என்னிடம் மிகவும் பிரியமாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். "தம்பி" என்றுகூடக் கூப்பிட்டார்.

போலீஸ்காரர் வெளியே போகும்போது அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனார். என் ஜன்னலுக்கு நன்றாகக் கேட்டது.

"இல்லைன்னு சொன்னீனா சாட்சி, வாய்தான்னு மாசக் கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் உள்ளதான். ஒத்துக்கினா அபராதம் போட்டு அனுப்பிடுவாங்க. வெள்ளிக்கெழமைக்கு நீ ஊர்ல இருக்கணுமா, வாணாமா?"

"இருக்கணும் சாமி."

"அப்ப ஒத்துக்கோ."

ஒத்துக்கொண்டார். குடிக்காதவர், குடித்தேன் என்று கோர்ட்டில் கைகட்டி நின்று சொன்னார், வெள்ளிக்கிழமை தன் நிலத்தில் நிற்பதற்காக. புதன்கிழமை மத்தியானம் தீர்ப்பு. அபராதம் கட்டு, கட்டாவிட்டால் ஒரு மாதம் உள்ளே இரு. இதே தண்டனையைப் பண்ணைக்காரருக்குக் கொடுத்திருந்தால் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டிருப்பார். தண்டனை இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று சட்டம் மார்தட்டிக்கொள்ளும். சட்டம் கிழித்தது!

அவர் மனைவி கோர்ட்டிலிருந்து நேரே பண்ணை வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் அப்போது அந்தப் பர்மிட் கவரோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வாசற்படியைத் தொடாமல் கீழேயே நின்று, அபராதப் பணத்தைக் கொடுத்தால் இருவரும் குன்றில் வேலை செய்து கழித்துவிடுவதாகக் கெஞ்சினாள்.

"ரெண்டு நாள்ல தாசில்தார் வராரு தொர. அவரு இல்லன்னா நெலம் போயிடும் தொர. ரெண்டு வருசம் கல்லு பொறுக்கினோம்."

பண்ணைக்காரர் பெருமூச்சு விட்டார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

"குடிச்சுப்புட்டு ரோட்ல கெடக்கறவனுக்கு நான் பணம் குடுத்தா ஊர் என்னைக் காறித் துப்பாதா? எங்கிட்ட கூலி வாங்கறவன் ஒழுக்கமா இருக்கணும். ஒரு மாசம் உள்ள இருந்தா புத்தி வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பேசிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். பிராந்தி பர்மிட் கவரை அந்தக் கையில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஐயா அங்கதானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். "டாக்டர் எழுதினதும்மா, நான் என்ன செய்யறது" என்றேன். அந்த அபராதத்துக்கு வேண்டிய பணம் என் தகரப் பெட்டியில் இருந்தது. கைக்கடிகாரம் வாங்கச் சேர்த்தது. கட்டியிருக்கலாம். நீ ஏன் கட்டுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏரிப் பக்கம் போகாமல் என்னால் இருக்க முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டு மேலேயே நின்றேன். தாசில்தார் ஜீப்பில் வந்தார். கூடவே ஊர்க் கணக்குப்பிள்ளை. நிலத்தில் பண்ணைக்காரரின் மச்சினர் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் மனுவோடு நின்றுகொண்டிருந்தார். காகிதத்தில் அவரும் நிலமில்லாதவர்தான். இதெல்லாம் பண்ணைக்காரர் முன்கூட்டிச் செய்த சதி என்று நினைக்காதீர்கள். சதி செய்யும் அளவுக்கு அவருக்கு மூளையும் கிடையாது, தேவையும் கிடையாது. கீழே விழுந்து கிடந்தது, எடுத்துக்கொண்டார்.

தாசில்தார் மூன்று கல் குவியலையும் சுற்றிப் பார்த்தார். வரப்பைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. நெலத்தை ரொம்ப நல்லா சுத்தம் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றார் வெள்ளைச் சட்டைக்காரரிடம்.

அந்த மனுஷன் கூசாமல் கைகூப்பி, அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டான். பிறந்த நாளிலிருந்து ஒரு கல்லைக் குனிந்து எடுத்தறியாத கை அது. அடேயப்பா, என்ன ஜென்மங்கள்!

அப்போதுதான் குவியலுக்குப் பின்னாலிருந்து அவள் முன்னால் வந்தாள்.

"பொறுக்கினது நாங்க தொர. நானும் எம் புருசனும். கையைப் பாருங்க தொர."

இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். தாசில்தார் கெட்டவர் அல்ல. குனிந்து பார்க்கக்கூடச் செய்தார். "மனுப் போட்டவன் எங்கம்மா?" என்றார். கணக்குப்பிள்ளை அவர் காதோரம், ஆனால் ரோடு வரைக்கும் கேட்கும்படி, "குடி கேஸ்ல உள்ள இருக்கான் சார்" என்றார். தாசில்தார் நிமிர்ந்துவிட்டார். "குடிகாரனுக்கு நிலம் கொடுத்தா அதையும் வித்துக் குடிப்பான்" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதினார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கும் அந்த ஜீப்புக்கும் நடுவில் நூறு அடிதான் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பசை கிளறினேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வெளியே வந்தார். ஜெயிலுக்குப் போய் வந்தவனை வேலைக்கு வைத்தால் மற்றவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று பண்ணைக்காரர் குன்றில் சேர்க்கவில்லை. பிறகு வேறு என்ன இருக்கிறது? அத்திப்பள்ளிக்குப் போனார். காய்கறிக் கூடையின் அடியில் சாராயம் வைத்துச் சுமந்து வர ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் அந்தத் தொழிலில் நல்ல பெயர் வாங்கிவிட்டார். செக்போஸ்ட்டில் சேர வேண்டியது சேர்ந்ததால் அவரை யாரும் ஊதச் சொல்லவில்லை. மாசக் கடைசியில் பர்மிட் சரக்கு தீர்ந்துபோனால் பண்ணைக்காரர் கொல்லைப்புறக் கதவு வழியாக அவரிடம்தான் வாங்கினார். ஒழுக்கத்தைப் பற்றி அப்போது ஒன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல் உடைத்தவர் ஒரு முறை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். நான் அவசரமாக மிக்சரை எடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"டாக்டர் வரட்டும். சீட்டோடவே குடுங்க" என்றார். அதற்கு முன் என்னை "சாமி" என்று சொல்லாமல் பேசியதே இல்லை. பிறகு, யாரிடமோ பேசுவது போல, "அன்னிக்கு மருந்து குடிச்சேன், ஜெயில்ல போட்டாங்க. இப்ப தெனம் சாராயம் செமக்கறேன், போலீசு சலாம் வெக்கறான்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் ராகிக்குக் களை எடுக்கிற சமயத்தில் என் வேலை நிரந்தரமாயிற்று. கல்லாவிப் பக்கம் மாற்றல் உத்தரவும் கூடவே வந்தது. டாக்டரின் நாலு வரி அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. இனி எவனும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும் எனக்கு மனசாட்சி முளைத்துவிட்டது. உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். நடந்ததை எல்லாம் எழுதினேன். மருந்து கொடுத்தது நான்தான், மறைத்ததும் நான்தான், அந்த நிலம் அவர்களுக்குச் சேர வேண்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாகி, எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. வெட்கங்கெட்டவன்.

அவர் வீட்டில் இல்லை, அத்திப்பள்ளிக்குப் போயிருந்தார். மனைவி களையெடுப்பில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனேன். அதே மூன்று ஏக்கர். பண்ணைக்காரரின் மச்சினர் ராகி போட்டிருந்தார், பயிர் நன்றாக வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கூலிப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள், அவளும் அதில் ஒருத்தி. கூப்பிட்டேன். களைக்கொத்தோடு வரப்புக்கு வந்து நின்றாள். மனுவை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது.

"நாளைக்கே நான் இதை மேல அனுப்பிடறேம்மா. உங்க கைரேகை ஒண்ணு வேணும்" என்றேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்கு வேலை நெலையாயிடுச்சா?" என்றாள்.

"ஆமாம்மா. போன வாரம்தான் உத்தரவு வந்துது."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் தன் இடத்துக்குப் போய்க் குனிந்துகொண்டாள்.